ஐந்து சிலிங் வந்த வரலாறு

1909ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் திகதி வெள்ளிக்கிழமை. அன்று பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் உள்ள தபாற்கந்தோர்களின் வாயில்களில் எழுபது வயதைக் கடந்த முதியோர் பலர் வந்து கூடினர். கோலூன்றி வந்தாருமுளர், பேரப்பிள்ளைகளின் தோளைப் பற்றி வந்தாருமுளர். ஒவ்வொருவர் கையிலும் சீட்டுக்கள் கோத்த சிறிய புத்தகம் ஒன்று இருந்தது. ஒரு சீட்டைக் கிழித்துக் கையொப்பமிட்டோ, எழுத்தறியாதார் அடையாளமிட்டோ நீட்ட, உத்தியோகத்தர் ஐந்து சிலிங் எண்ணிக் கொடுத்தார். அக்காலத்துக் கூலியாள் ஒருவன் ஒரு கிழமையிற் பெற்ற ஊதியத்தின் ஏறத்தாழக் காற்பங்கே அத்தொகை. அதனைக் கொண்டு ஒருவர் வளமாக வாழ்ந்துவிட முடியாது. ஆயினும் அந்நாட்டு ஏழை முதியவர் அரசாங்கத்தின் கையிலிருந்து தலை குனியாது பெற்ற முதற்பணம் அதுவே.

தலை குனியாது என்பதன் பொருளை உணரவேண்டுமாயின், அதற்கு முன்னிருந்த நிலையைச் சிறிது நோக்குதல் வேண்டும். எலிசபெத்து அரசியின் காலத்தில், 1601இல், இங்கிலாந்தில் ஏழைகள் சட்டம் ஒன்று ஆக்கப்பட்டது. தம்மாற் பிழைக்க இயலாதோரை அவ்வவ் ஊரவரே வரி இறுத்துக் காத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். அது கடுமையானதே எனினும், அதன்கண் ஓரளவு ஈரமும் இருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றபின், 1834இல் அச்சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தியோர் அறிவிற் குறைந்தவரல்லர்; பொருளியல் கற்ற பெரியோர். உதவி பெறுவோன் நிலை, உழைத்து உண்பவருள் மிகக் கீழானவனின் நிலையினுங் கீழாக இருத்தல் வேண்டும், இன்றேல் எவரும் உழைக்க வாரார் என்பது அவர் கண்ட கொள்கை. அக்கொள்கை கல்லும் சுண்ணமுமாக எழுந்து நின்றதே 'வேலைமனை' என நாம் தமிழிற் சொல்லத்தக்க ஏழைகள் விடுதி.

வேலைமனையில் உணவு உண்டு, உறைவிடம் உண்டு. ஆனால் உள்ளே புகுந்தவர் தம் உடையைக் களைந்து விடுதி உடையை அணிதல் வேண்டும். கணவன் ஒரு புறமும் மனைவி ஒரு புறமுமாகப் பிரிந்து இருத்தல் வேண்டும். நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த முதியோரும் இவ்விதிக்கு உட்பட்டனர். அறுபது கடந்த தம்பதியர் ஓரறையில் இருக்கக் கேட்கலாம் என 1847இல் விதி தளர்ந்தபோதும், அவ்வறைகளைக் கட்டிக் கொடுத்த விடுதிகள் மிகச் சிலவே. உதவி பெறும் ஆண்மகன் வாக்குரிமை உடையவனாயின் அதனை இழந்தான். இறந்தபின்னும் இடர் தீரவில்லை. உரியவர் வந்து கேளாத உடலை மருத்துவ மாணவர் அறுத்துப் பயிலுதற்குக் கொடுக்கலாம் என 1832இல் ஆக்கப்பட்ட சட்டம் ஒன்று இருந்தது. வேலைமனை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே ஆங்கிலக் கிராமத்து முதியவர் நடுங்கியதில் வியப்பில்லை. பசித்திருந்து வீட்டிற் சாவதே மேல் என்று எண்ணினோர் பலர்.

இவ்வாறு அஞ்சி ஒதுங்கியோர் போக எஞ்சியோரே உதவி பெற்றனர் எனினும் அவர் தொகை மிகப் பெரிது. இதனை எண்ணிக் காட்டியவர் சாள்ஸ் பூத் என்பார். இவர் கப்பல் வணிகர், இலிவர்ப்பூலிற் பிறந்தவர். இலண்டன் மாநகரில் வறுமை உண்மையில் எவ்வளவு என்பதை அறிய விரும்பி, 1886 முதற் பதினேழு ஆண்டு தெருத்தெருவாக, வீடுவீடாக ஆராய்ந்தார். இலண்டன் மக்களுள் நூற்றுக்கு முப்பதின்மர் அளவில் வறுமையில் வாழ்கின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. அவரை இன்னும் வருத்தியது முதுமை பற்றி அவர் கண்டது. குடியாலும் சோம்பலாலும் மனிதன் ஏழையாகின்றான் என்பதே அக்காலத்துப் பெரியோர் துணிபு. பூத்தின் கணக்கோ வேறு கூறிற்று. இளமையில் ஒழுங்காக உழைத்து, பிள்ளைகளை வளர்த்து, ஒருவரிடமுங் கையேந்தாது வாழ்ந்தவர்களே கைகால் ஓய்ந்தபின் ஊர் உதவியை நாடினர். அறுபத்தைந்து கடந்தோருட் பத்துக்கு மூவர் அளவினர் ஓராண்டுக் காலத்துள் இவ்வாறு உதவி பெற்றனர் என்று கணக்குகள் காட்டின. அவர் குற்றம் யாது? வயது முதிர்ந்ததொன்றே குற்றம்.

1891இல் பூத் ஒரு யோசனையை வெளியிட்டார். அறுபத்தைந்து வயதானோர் எல்லார்க்கும், செல்வர் ஏழையர் என்ற வேறுபாடின்றி, கிழமைக்கு ஐந்து சிலிங் அரசாங்கமே கொடுத்தல் வேண்டும் என்றார். எதிர்ப்பு நாற்றிசையினின்றும் எழுந்தது. சேமிக்கும் பழக்கம் அழிந்துவிடும் என்றனர் சிலர். பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள் மறப்பர் என்றனர் வேறு சிலர். தொழிலாளரே சந்தா செலுத்தி நடாத்திவந்த பரஸ்பர சகாயச் சங்கங்களும் தம் தொழிலுக்கு ஊறு வரும் என்று நெடுங்காலம் எதிர்த்தன. கிழமைக்குப் பதினைந்து சிலிங் பெற்று ஐந்தாறு பிள்ளைகளுக்குச் சோறிட்ட ஒருவன் முதுமைக்கென எதனைச் சேமித்திருக்கக் கூடும் என்ற கேள்விக்கு இவர்களில் எவரும் நேரே விடை கூறவில்லை.

பிற நாடுகள் முந்திக்கொண்டன. செருமனியிற் பிஸ்மாக் 1889இல் முதுமைக் காப்புறுதியைச் சட்டமாக்கினார். அறுபத்தைந்து என்ற வயதை அவரே வகுத்தார் என்று இன்றும் பலர் கூறுவர், அது பிழை. அவர் வைத்த எல்லை எழுபது. அறுபத்தைந்தாகக் குறைத்தது 1916இல், அவர் இறந்து பல்லாண்டுகளின் பின். அன்றியும் அது தொழிலாளியும் முதலாளியும் முன்னரே பணம் செலுத்திப் பெறும் காப்புறுதி. வறிய முதியோருக்கு அவர் ஒன்றும் செலுத்தாதிருக்கப் பொதுப்பணத்தினின்றும் கொடுக்கும் முறையை டென்மாக் 1891இலும், நியூசீலாந்து 1898இலும் கொண்டுவந்தன. நியூசீலாந்துச் சட்டம் உலகெங்கும் புகழப்பட்டது. அப்புகழோடு ஒரு மறுவையும் சொல்லவேண்டும்: சீனரும் ஏனை ஆசியரும் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவராயினும் உதவிக்கு உரியரல்லர் என அச்சட்டம் வெளிப்படையாகவே விலக்கியது.

அவ்வாண்டிலேயே, இலண்டனில் நியூசீலாந்தின் பிரதிநிதியாக இருந்த பெம்பர் றீவ்ஸ் என்பவர், தென் இலண்டனில் ஏழைத் தொழிலாளர் வாழும் வோல்வேத் பகுதியிலுள்ள பிறௌனிங் மண்டபத்தில் அச்சட்டத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். கேட்டவர் உள்ளத்தில் அது தீ மூட்டிற்று. அடுத்த ஆண்டிலே தொழிற்சங்கங்கள் சேர்ந்து முதியோர் ஓய்வூதியத்துக்கென ஒரு தேசியக் குழுவை அமைத்தன. மண்டபத்துப் பாதிரியார் பிரான்சிஸ் ஹேபேட் ஸ்ரெட்டும், புத்தகங் கட்டுந் தொழிலாளியாகிய பிரெடறிக் றோஜர்ஸும் ஊர் ஊராகச் சென்று பேசினர். பாராளுமன்றக் குழு ஒன்றும் 1899இல் ஓய்வூதியம் கொடுத்தல் தகும் என்று சொல்லிற்று. ஆனால் அவ்வாண்டு ஐப்பசியில் தென்னாபிரிக்காவிற் போயர் யுத்தம் மூண்டது. முதியோருக்கு இல்லாத பணம் பீரங்கிக்குக் கிடைத்தது. ஓய்வூதியம் ஒன்பது ஆண்டு பின்தள்ளப்பட்டது.

1906இல் லிபரல் கட்சி பெருவெற்றி பெற்றது. நிதி மந்திரியாயிருந்த அஸ்குவித் திட்டத்தை வகுத்தார். 1908 சித்திரையிற் பிரதமரான பின்னரும் வரவு செலவுத் திட்டத்தைத் தாமே சமர்ப்பித்து ஓய்வூதியத்தை அறிவித்தார். சட்டத்தைச் சபையிலே நடாத்திச் சென்றவர் புதிய நிதி மந்திரி லொயிட் ஜோர்ஜ். இவர் தந்தையை இளமையில் இழந்து, வேல்ஸ் நாட்டுக் கிராமமொன்றிற் செருப்புத் தைக்கும் மாமனார் வீட்டில் வளர்ந்தவர். பிரபுக்கள் சபையில் முன்னாட் பிரதமர் றோஸ்பரி பிரபு, இச்செலவு சாம்ராச்சியத்தின் கட்டுக்கோப்பையே குலைத்துவிடும் என அஞ்சினார். எனினும் பண மசோதாவைத் தடுத்தல் மரபன்று என்பதனாற் சபை இணங்கிற்று. 1908 ஆவணித் திங்கள் முதலாந் திகதி சட்டம் அரச சம்மதம் பெற்றது.

சட்டத்தின் நிபந்தனைகள் அக்காலத்து மனப்பான்மையை நன்கு காட்டுவன. வயது எழுபது ஆதல் வேண்டும். இருபது ஆண்டு நாட்டிற் குடியிருந்திருத்தல் வேண்டும். ஆண்டு வருமானம் 21 பவுணுக்கு மேற்படாதவர்க்கு ஐந்து சிலிங் முழுதும் கிடைக்கும்; அதற்கு மேற் படிப்படியாகக் குறைந்து, 31 பவுண் 10 சிலிங்குடன் அற்றுப்போம். சிறை சென்றவர் விடுதலையானபின் பத்து ஆண்டு காத்திருத்தல் வேண்டும். தன் ஆற்றலுக்கேற்ப உழைக்காது திரிந்தவன் என்று பெயரெடுத்தவனுக்கு உதவி இல்லை. 1908 சனவரி முதல் ஊர் உதவி பெற்றோரும் 1910 முடியும் வரை விலக்கப்பட்டனர். ஆகவே யாருக்குத் தேவை மிகுதியோ அவரே முதலிரண்டு ஆண்டும் வெளியே நின்றனர்.

இத்தனை வேலிகளுக்கிடையிலும் மூன்று நல்ல காரியங்களைச் சட்டம் செய்தது. பணம் ஏழைகள் சபையின் கையால் அன்றித் தபாற்கந்தோர் மூலம் வழங்கப்பட்டது. முத்திரை வாங்குபவர் நிற்கும் வரிசையிலேயே முதியவரும் நின்றார். ஓய்வூதியம் பெறுதலால் வாக்குரிமையோ வேறெவ்வுரிமையோ பறிபோகாது எனச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. இனி, முன்னர்ப் பணம் செலுத்தியிருத்தல் வேண்டும் என்ற விதி இல்லாமையால், வாழ்நாளெல்லாம் வீட்டில் உழைத்தும் கூலி என்பதைக் காணாத பெண்களும் இதனைப் பெற்றனர். பெற்றவருட் பெரும்பான்மையினர் மூதாட்டியரே. செருமனியின் முறையைப் பின்பற்றியிருந்தால் இவருட் பெரும்பாலார்க்கு ஒரு காசும் கிட்டியிராது.

வயதை எவ்வாறு நிறுவுவது? இங்கேதான் அரசாங்கம் எதிர்பாராத இடர் ஒன்று அயர்லாந்திலே காத்திருந்தது. இங்கிலாந்திற் பிறப்புப் பதிவு 1837இல் தொடங்கியது, அயர்லாந்திலோ 1864இற்றான். ஆகவே 1909இல் எழுபது வயதான ஐரிஷ்காரர் ஒருவரிடமும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருத்தற்கில்லை. கோயிற் பதிவேடுகள் சில ஊர்களில் இருந்தன; பல ஊர்களில் இல்லை. விண்ணப்பங்களைச் சோதிக்க வந்த உத்தியோகத்தரோ சாராயவரி கணிக்கும் பகுதியைச் சேர்ந்தவர். அவர் மதுவின் உறைப்பை அளப்பதில் வல்லவர், மனிதன் வயதை அளக்கக் கற்றவரல்லர்.

அப்போது துணைக்கு வந்தது ஒரு புயல். 1839 சனவரி 6ஆந் திகதி இரவு அயர்லாந்து முழுவதையும் ஒரு கொடுஞ் சூறாவளி தாக்கியது. கூரைகள் பறந்தன, மரங்கள் வேரோடு சாய்ந்தன, டப்ளின் நகரிலும் வீடுகள் இடிந்தன. 'பெருங்காற்று இரவு' என அந்நாட்டார் அதனைத் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்தனர். ஓய்வூதியம் தொடங்கிய சனவரி மாதத்திலே அப்புயலுக்கு எழுபது ஆண்டு நிறைந்தது. எனவே அவ்விரவு நினைவிருக்கின்றது என்று ஒருவர் சொல்வாராயின் அவருக்கு எழுபது கடந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. உள்ளூர்க் குழுக்கள் இச்சான்றை ஏற்றன. மட்டக்களப்பு நாட்டிலே 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு முன் பிறந்தவன், பின் பிறந்தவன் என்று வயது சொல்லக் கேட்டவர்க்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். ஆனால் அயர்லாந்திற் பெருங்காற்றை நினைவு வைத்திருந்தோர் தொகை நாளுக்கு நாள் பெருகிற்று. அவர் கூறிய கதைகளும் அச்சில் வார்த்தாற்போல ஒன்றையொன்று ஒத்திருந்தன!

குழுவினர் இவற்றைப் பெரிதும் ஆராயவில்லை. அவர் விண்ணப்பகாரரின் அயலவர். கொடுக்கப்படுவதோ இலண்டன் திறைசேரியின் பணம். பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு அறுபத்தெட்டா எழுபதா என்று வழக்காடிப் பகை தேட யார் விரும்புவர்? 1909 பங்குனி முடிவில் நாடு முழுவதும் ஓய்வூதியம் பெற்றோர் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டனர். ஐக்கிய இராச்சியத்துக் குடிசனத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே கொண்ட அயர்லாந்தில் அவருள் நாலிலொரு பங்கினர் அளவில் இருந்தனர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பையும் 1911ஆம் ஆண்டினதையும் ஒப்பிட்டோர், பத்து ஆண்டிற் பதினைந்தும் அதன் மேலும் வயதேறிய அதிசய மனிதர் பலரை அங்கே கண்டனர். இதனை வெறும் ஏமாற்றென்று தள்ளிவிடுதல் முறையன்று. 1840களின் கொடிய பஞ்சத்தில் உற்றாரையும் ஊரையும் இழந்து தப்பிய தலைமுறை அது; தம் பிறந்த ஆண்டை உண்மையாகவே அறியாதோர் அவருட் பலர். பஞ்சம் கேட்டபோது கொடாத அரசு முதுமையிற் கொடுத்ததென்றால், அதனை இரண்டு ஆண்டு முன்னரே பெற்றுக்கொண்டவரைக் கடிந்துகொள்ள எளிதில் மனம் வராது.

சாட்சி போதாத இடத்து, 1841, 1851ஆம் ஆண்டுக் குடிசன ஏடுகளை டப்ளின் ஆவணச்சாலையில் தேடுவித்தனர். பெயர், பெற்றோர், ஊர் ஆகியவற்றைக் குறித்து அனுப்பினால் எழுதுவினைஞர் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, அக்காலத்திற் குழந்தையாயிருந்தவரின் வயதைப் பெயர்த்தெழுதிக் கொடுப்பர். 1922 ஆனியில் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் அவ்வாவணச்சாலை எரிந்து சாம்பரானது. பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் வாழ்ந்த மக்களின் குடிசன ஏடுகள் பெரும்பாலும் அழிந்தன. ஐந்து சிலிங்குக்காகப் பெயர்த்தெழுதிய அந்தத் துண்டுக் குறிப்புக்களே அக்குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே பதிவு.

ஓய்வூதியம் அரசியலிலும் பெரும் விளைவுகளை உண்டாக்கிற்று. இச்செலவுக்கும் போர்க்கப்பற் செலவுக்கும் பணம் தேடி லொயிட் ஜோர்ஜ் 1909இல் நிலச்செல்வர் மீது வரி விதித்தார். பிரபுக்கள் சபை அவ்வரவு செலவுத் திட்டத்தை நிராகரித்தது. 1910இல் இருமுறை பொதுத்தேர்தல் நடந்தது. 1911இல் அச்சபையின் தடுப்பதிகாரமே குறைக்கப்பட்டது. ஊர் உதவி பெற்றோர் மீதான தடையும் அவ்வாண்டு நீங்கிற்று. வீட்டிலிருந்து ஊர் உதவி பெற்ற எழுபது கடந்தோர் ஏறத்தாழ எல்லாரும் சில ஆண்டுகளுள் ஓய்வூதியத்துக்கு மாறினர். வேலைமனையின் உள்ளிருந்தோர் தொகையோ அவ்வளவு குறையவில்லை. நோயாலும் தளர்வாலும் பிறர் உதவியின்றி எழுந்திருக்க மாட்டாதவர்க்கு ஐந்து சிலிங் என்ன செய்யும்? பணம் ஒன்று, பராமரிப்பு வேறொன்று என்பதை அந்நாடு அன்றே கண்டது.

1919இல் தொகை பத்துச் சிலிங் ஆயிற்று. 1924இல் புதிய ஐரிஷ் அரசு சிக்கனங் கருதி அதிலொரு சிலிங்கைக் குறைத்தது. 1928இல் அதனைத் திருப்பிக் கொடுத்தபோதும் மக்கள் மறக்கவில்லை. இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டுச் சட்டம் பணம் செலுத்திப் பெறும் முறையைப் புகுத்திற்று. இரண்டாம் உலகயுத்தத்தின் நடுவே, 1940இல், மிக வறிய முதியோருக்கு மேலதிக உதவி கொடுக்கத் தொடங்கியபோது அதிகாரிகள் திடுக்கிட்டனர். அவர்கள் எதிர்பார்த்தது நான்கு இலட்சம் பேரை. முன்வந்தோர் பத்து இலட்சத்துக்கு மேல். ஏழைகள் சபையின் படியை மிதிக்க நாணி அதுவரை வாய் திறவாதிருந்தவர்களே அவர்கள். 1948இல் ஏழைகள் சட்டம் முற்றாக ஒழிந்தது.

இங்கிலாந்து இவ்வாறு அச்சட்டத்தைக் களைந்துகொண்டிருந்த காலத்திலேதான் இலங்கை அதனை ஏற்றுக்கொண்டது என்பது வரலாற்றின் வேடிக்கை. 1939ஆம் ஆண்டு 30ஆம் இலக்க ஏழைகள் கட்டளைச்சட்டம் கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரங்களில் வறியோரைப் பேணும் பொறுப்பை மாநகரசபைகளிடம் ஒப்படைத்தது. பிற இடங்களில் அரசாங்கம் மாதந்தோறும் சிறு தொகை கொடுத்துவந்தது. அதற்குக் கந்தோர்ப் பெயர் பொதுசன உதவிப்பணம். ஊர்ப் பெயரோ பிச்சைச் சம்பளம். சிங்கள மக்கள் அதனைப் 'பின் படி', அதாவது புண்ணியச் சம்பளம், என்றனர். பிச்சை என்பது வாங்குபவரைக் குறிக்கும். புண்ணியம் என்பது கொடுப்பவரைக் குறிக்கும். உரிமை என்ற கருத்து இரு பெயரிலும் இல்லை.

பெயர் சிறு விடயம் அன்று. பிரித்தானியாவில் வறிய முதியோருக்கான உதவி 1966இலும், 1999இலும், மீண்டும் 2003இலும் புதுப்பெயர் பெற்றது. ஒவ்வொரு முறையும் நாணத்தால் ஒதுங்குவோரை வரவழைப்பதே நோக்கங்களுள் ஒன்று. இருந்தும் 2022–23ஆம் ஆண்டுக்கான அரசாங்க மதிப்பீட்டின்படி உரியவருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அதனைப் பெறவில்லை. 2024இல் குளிர்காலத்து எரிபொருட் கொடுப்பனவை இவ்வுதவி பெறுவோர் முதலிய சிலருக்கு மாத்திரம் என அரசாங்கம் சுருக்கியபோது, இதுவரை கேளாதிருந்தோர் பலர் விண்ணப்பிக்க விரைந்தனர். அவ்விண்ணப்பத்தில் இருநூறுக்கு மேற்பட்ட வினாக்கள் இருந்தன. எழுந்த கண்டனத்தால் 2025இல் அரசாங்கம் அம்முடிவைப் பெரும்பாலும் மாற்றி, இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டு வருமானம் 35,000 பவுணுக்கு மேற்படாத முதியோருக்கு, அவர் விண்ணப்பிக்காமலே, அக்கொடுப்பனவு போய்ச் சேருமாறு செய்தது.